இருளிலும் முகம் காட்டும் கையடக்கக் கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?



பயணம் சென்று திரும்பிய எந்தக் குடும்பத்தின் ஆல்பத்தைப் புரட்டினாலும் ஓர் உண்மை தெரியவரும். நண்பகல் வெயிலில் எடுத்த படங்கள் பளிச்சென்று இருக்கும். மஃரிபுக்குப் பின்னர் எடுத்த படங்களோ பெரும்பாலும் மங்கலாகவும், கலங்கலாகவும், முகங்கள் சாயம் கரைந்தாற்போலவும் இருக்கும்.

ஆனால் நம் வாழ்வில் நினைவில் நிறுத்த விரும்பும் பொழுதுகள் வெயில் பார்த்தா வருகின்றன? குடும்பத்தார் கூடி அமர்ந்து நோன்பு திறக்கும் வேளை அந்திப்பொழுது. பெருநாள் பிறை கண்ட பின் கடைத்தெரு விழித்திருப்பது இரவு. உம்ராவுக்குப் புறப்படும் பெற்றோரை வழியனுப்ப விமான நிலைய வாயிலில் நாம் நிற்பது, பல வேளைகளில் நள்ளிரவு. முதுமையால் வீட்டை விட்டு வெளியே வர இயலாத பாட்டியார் அமர்ந்திருப்பது, ஒற்றைக் குழல்விளக்கு எரியும் உள்ளறையில்.

ஜவ்வாது மலையின் அடிவாரத்திலுள்ள எங்கள் ஒடுகத்தூர்ப் பகுதியில் வாழ்வோர்க்கு இது இன்னும் நன்கு விளங்கும். கதிரவன் மலைக்குப் பின்னால் இறங்கியவுடன் அந்தி விரைந்து சூழ்ந்துவிடும். வெள்ளிக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்கு ஆடுகளை ஓட்டி வருவோர் விடியலுக்கு முன்பே வரத் தொடங்குவர். மலைமேல் சென்றால் மரநிழலும் மூடுபனியும். படம் எடுக்கத் தக்க காட்சிகள் யாவும் வெளிச்சம் குறைந்த நேரத்திலேயே அமைகின்றன.

எனவே, "பயணத்திற்கு எடுத்துச் செல்லச் சிறியதாகவும் இருக்க வேண்டும், இருட்டிலும் நன்றாகப் படம் பிடிக்க வேண்டும், அப்படி ஒரு கேமரா எது?" என்று பலரும் கேட்கின்றனர். கேட்பவர் பெரும்பாலும் பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்திருப்பவர். அந்தப் பணம் விளம்பரத்தை நம்பி வீணாகிவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம். உருவப்படம் பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடுகளை ஆலிம் பெருமக்களிடம் கேட்டறிந்து கொள்க. இங்கு நாம் பேசப்போவது கருவியைப் பற்றி மட்டுமே.

கண் நம்மை ஏமாற்றுகிறது

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். நண்பகல் வெயிலின் வெளிச்சம் ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. குழல்விளக்கு எரியும் நம் வீட்டு அறையிலோ வெளிச்சம் நூறு, இருநூறு லக்ஸ் அளவில்தான் இருக்கும். அதாவது வெளியே உள்ளதில் சற்றேறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு!

நமக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை. வல்ல இறைவன் நம் கண்ணை அவ்வாறு படைத்திருக்கிறான். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிகிறது. விழித்திரை தன்னைப் பழக்கிக் கொள்கிறது. மூளை எஞ்சியதைச் சரிசெய்து கொள்கிறது. கேமராவுக்கு இந்த வசதி இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி கிடைத்தால், அந்த ஒரு பங்கைக் கொண்டே அது படத்தை உருவாக்கியாக வேண்டும். ஆகவே, இருட்டில் நல்ல படம் எடுக்கும் கேமரா என்பது ஒளியை மிகுதியாகச் சேகரிக்க வல்ல கேமராவே ஆகும். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னரே.

மலைமேல் ஒரு பாடசாலை

ஒளியைச் சேகரிப்பது எப்படி என்பதற்கு நாம் தொலைதூரம் சென்று சான்று தேட வேண்டியதில்லை. நம் ஜவ்வாது மலையின்மீதே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தது அது. நகரத்து விளக்குகளின் தொல்லையற்ற, தென்வானையும் நன்கு காணத்தக்க இடமென்று வானியல் அறிஞர் வைணு பாப்பு அவர்கள் இம்மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய தந்தையார், ஹைதராபாத்தில் நவாப் ஜஃபர் ஜங் தொடங்கிய நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர்.

காவலூரில் 1968-இல் நிறுவப்பட்ட முதல் தொலைநோக்கியின் விட்டம் 38 செ.மீ. 1972-இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வந்தது. 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி பயனுக்கு வந்தது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-இல் தெரியவந்தபோது, அதற்கான அடையாளங்களைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1988-இல் இங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

ஆண்டுக்கு ஆண்டு அறிஞர்கள் ஏன் விட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள்? வாயகன்ற பாத்திரத்தில் மழைநீர் மிகுதியாகச் சேரும் என்பதே விடை. ஒரு மீட்டர் கண்ணாடியைவிட 2.34 மீட்டர் கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரை மடங்கு ஒளியைச் சேர்க்கும். இருளில் முழுதும் விரிந்த மனிதக் கண்மணியின் விட்டம் சுமார் 7 மி.மீ. அதனோடு ஒப்பிட்டால் ஒரு இலட்சம் மடங்கு அளவில் வருகிறது.

வானாய்வகம் இன்னும் இரண்டு பாடங்களையும் நமக்குக் கற்பிக்கிறது. மங்கலான விண்மீனைப் படம்பிடிக்கும்போது தொலைநோக்கி விண்மீனுடன் சேர்ந்தே மெல்ல நகர்ந்து, நெடுநேரம் ஒளியைத் திரட்டும். கருவி சற்று ஆடினாலும் படம் கெட்டுவிடும். அடுத்து, ஒளியை வாங்கும் மின்னணுத் தகட்டை மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் குளிரூட்டி வைக்கிறார்கள். தகட்டிலேயே எழும் பொய்ப்புள்ளிகள் அதனால் குறைகின்றன. நம் சட்டைப்பைக் கேமராவின் இருட்டுப் படங்களில் மணல் தூவியது போலத் தெரிகின்ற புள்ளிகளும் பெரும்பாலும் ஒளிப் பற்றாக்குறையால் வருபவையே.

இருட்டறை தந்த அறிவு

ஒளியைப் பற்றிய இந்த அறிவின் வரலாற்றில் நம் முன்னோர்க்கும் சிறப்பான இடமுண்டு. பஸராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், இருட்டறையின் துளை வழியே விழும் பிம்பத்தை முறையாக ஆராய்ந்தார். அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572-இல் பாஸல் நகரில் அச்சேறியது. சூரிய கிரகணத்தின் பிறை வடிவம் சிறு துளையின் வழியே தெளிவாக விழுவதையும், துளை பெரிதானால் அவ்வடிவம் கலைந்துவிடுவதையும் அவர் விளக்கினார். துளை சிறுத்தால் தெளிவு உண்டு, ஒளி குறைவு; துளை பெருத்தால் ஒளி உண்டு, தெளிவு குறைவு. இந்த இக்கட்டைத் தீர்க்கவே பிற்காலத்தில் துளையில் லென்ஸைப் பொருத்தினர். 'கேமரா' என்னும் சொல் அரபியிலிருந்து வந்தது என்று சிலர் எழுதுவதுண்டு; அது சரியன்று. இலத்தீனில் அறையைக் குறிக்கும் சொல் அது. சொல் எம்மொழிக்குரியதாயினும், அறிவில் நம்மவர் பங்கு மறுக்க இயலாதது.

பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு

இனி, கடைக்கு வருவோம். கடைக்காரர் முதலில் சொல்லும் எண், மெகா பிக்சல். இரண்டாவதாகச் சொல்லும் எண், எத்தனை மடங்கு ஜூம். இவ்விரண்டும் இருட்டில் நமக்கு உதவுவன அல்ல. நாம் கேட்க வேண்டியவை வேறு இரண்டு எண்கள்.

முதலாவது, சென்சாரின் பரப்பு. ஒளி வந்து விழும் மின்னணுத் தகடே சென்சார். அக்காலத்து ஃபிலிமின் இடத்தில் இன்று இருப்பது இதுதான். மலிவான சிறு கேமராக்களின் சென்சார், '1/2.3 அங்குலம்' என்று குறிக்கப்படும். அதன் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. மட்டுமே. 'ஒரு அங்குல வகை' எனப்படும் சென்சாரின் பரப்பு 116 சதுர மி.மீ. 'ஏ.பி.எஸ்.-சி' எனப்படும் சென்சாரின் பரப்போ ஏறத்தாழ 367 சதுர மி.மீ. இந்தப் பெயர்களிலுள்ள அங்குலக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 'ஒரு அங்குல வகை'யின் நீளம் உண்மையில் 13.2 மி.மீ.தான்.

இரண்டாவது, லென்ஸின் வாயகலம். இதை 'எஃப்' என்ற எழுத்தோடு ஓர் எண்ணாகக் குறிப்பர்: எஃப் 1.8, எஃப் 2.8, எஃப் 5.6 என்பன போல. எண் சிறியதானால் வாய் பெரியது என்பதை மறந்துவிடலாகாது. எஃப் 2.8-ஐ விட எஃப் 2 இரு மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் 5.6-ஐ விட எஃப் 1.8 ஏறத்தாழ பத்து மடங்கு விடும்.

இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க எளிய கணக்கு ஒன்றுண்டு. சென்சாரின் பரப்பை, எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வரும் விடையை 'ஒளி மதிப்பெண்' என்று நாம் பெயரிட்டுக் கொள்வோம். ஒரே காட்சியை ஒரே நேர அளவில் எடுத்தால், எந்தக் கேமரா எவ்வளவு ஒளியைத் திரட்டும் என்பதை இது தோராயமாகக் காட்டும்.

மலிவான சிறு கேமரா, எஃப் 3.3: 28-ஐ 10.9-ஆல் வகுக்க, 2.6.

நடுத்தரக் கைபேசியின் முதன்மை கேமரா, சென்சார் சுமார் 50 சதுர மி.மீ., எஃப் 1.8: மதிப்பெண் 15.

ஒரு அங்குல வகை, எஃப் 1.8: மதிப்பெண் 36.

ஏ.பி.எஸ்.-சி, எஃப் 2.8: மதிப்பெண் 47.

ஏ.பி.எஸ்.-சி, எஃப் 2: மதிப்பெண் 92.

மலிவான சிறு கேமராவை வாங்குபவர், தம் சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கும் கைபேசியைவிடத் தாழ்ந்த ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார் என்பது இக்கணக்கிலிருந்தே புலப்படும். 20 மெகா பிக்சல், 40 மெகா பிக்சல் என்று பெட்டியின்மீது பெரிதாக அச்சிட்டிருந்தாலும் இந்நிலை மாறாது.

ஜூம் என்னும் கவர்ச்சி

ஜூம் லென்ஸில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பெட்டியின்மீது இரண்டு எஃப் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண், அகன்ற காட்சிக்கு உரியது. இரண்டாவது எண், ஜூமை முழுதும் நீட்டிய நிலைக்கு உரியது. கடையில் சொல்லப்படுவது பெரும்பாலும் முதல் எண்ணே.

சோனி நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 100 கேமராவைச் சான்றாகக் கொள்வோம். சட்டைப்பையில் அடங்கும் உடலுக்குள் ஒரு அங்குல வகை சென்சாரை வைத்துப் பெரும் பெயர் பெற்றது அது. அதன் லென்ஸ் அகன்ற நிலையில் எஃப் 1.8, முழு ஜூமில் எஃப் 4.9. மேற்சொன்ன கணக்கின்படி 36 மதிப்பெண், ஜூமை நீட்டியதும் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நிக்காஹ் மேடையைத் தொலைவிலிருந்து ஜூம் செய்து எடுத்த படம் ஏன் கலங்குகிறது என்பதற்கு விடை இதுவே. இரண்டடி முன்னே நடந்து சென்று, அகன்ற நிலையில் எடுப்பதே அறிவுடைமை.

புதியது எதுவும் பழையதைவிடச் சிறந்ததாகவே இருக்கும் என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும். 2014-இல் வந்த ஆர்.எக்ஸ். 100 மூன்றாம் வடிவத்தின் லென்ஸ் எஃப் 1.8 முதல் 2.8 வரை. 2019-இல் வந்த ஏழாம் வடிவம் நீண்ட ஜூமைத் தருகிறது. குவியம் பிடிக்கும் விரைவும் அதில் மிகுதி. ஆனால் அதன் லென்ஸ் எஃப் 2.8-இல் தொடங்கி எஃப் 4.5-இல் முடிகிறது. பகற்பொழுதில் பறவையையும் மலைமுகட்டையும் எடுப்பவர்க்கு ஏழாவது ஏற்றது. மாலையிலும் வீட்டினுள்ளும் எடுப்பவர்க்குப் பழைய மூன்றாவதே ஏற்றது. விலையிலும் பழையது குறைவு.

எவருக்கு எது?

பயணத்திற்கும் மங்கலான ஒளிக்கும் ஏற்றவையெனக் கருதத்தக்க சில கேமராக்களை இங்குக் குறிப்பிடுகிறேன். இவற்றுள் சில இன்று புதிதாகக் கிடைப்பது அரிது, பழையனவாகக் கிடைக்கும்.

குடும்பத்தார் அனைவரும் எளிதில் கையாள வேண்டுமெனில், மேலே கூறிய சோனி மூன்றாம் வடிவமோ, 2019-இல் வந்த கேனன் ஜி 7 எக்ஸ் மார்க் 3 கேமராவோ பொருந்தும். இரண்டிலும் ஒரு அங்குல வகை சென்சார், எஃப் 1.8 முதல் 2.8 வரையிலான லென்ஸ். கேனனின் எடை சுமார் 304 கிராம். சோனியில் வெயிலில் கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சாளரம் உண்டு, கேனனில் இல்லை. கேனனின் ஜூம் சற்று நீளமானது.

சற்றுப் பருமனாக இருப்பினும் தடையில்லை என்போர், 2014-இல் வந்த பானசோனிக் எல்.எக்ஸ். 100 கேமராவையும், 2018-இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தையும் பார்க்கலாம். ஒரு அங்குல வகையைவிடப் பெரிய சென்சாரும், எஃப் 1.7-இல் தொடங்கும் லென்ஸும் அமைந்தவை. சட்டைப்பையில் அடங்கா, சிறு தோள்பையில் அடங்கும்.

ஜூமே வேண்டாம், சிறிய உடலும் நேர்த்தியான படமும் போதும் என்பவர்க்கு 2019-இல் வந்த ரிகோ ஜி.ஆர். 3. ஏ.பி.எஸ்.-சி சென்சார், எஃப் 2.8 லென்ஸ், பேட்டரியுடன் எடை 257 கிராம். கைநடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பும் உண்டு. ஆனால் ஃப்ளாஷ் இல்லை. ஒரு முறை மின்னேற்றினால் சுமார் 200 படங்களே எடுக்கலாம். நீளும் லென்ஸின் வழியே தூசு உள்ளே புகக்கூடும் என்பதையும் அறிந்து வாங்க வேண்டும். மலைப்பாதைப் புழுதியில் பயணம் செய்வோர் இதைச் சிறு பையில் மூடி வைத்துக் காப்பது நலம்.

பணம் தடையில்லை என்போர்க்கு ஃபுஜிஃபில்ம் எக்ஸ் 100 வரிசை. 2011 முதல் விற்பனைக்கு வந்தது. ஆறாம் வடிவம் 2024-இல் வெளியாயிற்று. ஏ.பி.எஸ்.-சி சென்சார், எஃப் 2 லென்ஸ். நம் கணக்கில் மிக உயர்ந்த மதிப்பெண் இதற்கே. ஆனால் ஆறாம் வடிவத்தின் எடை அரைக் கிலோவைத் தாண்டுகிறது. விலை ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கழுத்தில் அத்தொகையைத் தொங்கவிட்டுக் கொண்டு நிம்மதியாகப் பயணம் செய்ய முடியுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் பூட்டி வைத்த பெரிய கேமராவைவிடக் கையோடு வந்த சிறிய கேமராவே நல்ல கேமரா.

கைபேசியே போதாதா?

நியாயமான வினா. இன்றைய கைபேசிகள் 'இரவு முறை'யில் ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து, அவற்றை ஒன்றாக அடுக்கி, புள்ளிகளை நீக்கிவிடுகின்றன. சில உயர்விலைக் கைபேசிகளில் ஒரு அங்குல வகை சென்சாரும் வந்துவிட்டது. அசையாத கட்டடம், விளக்கு அலங்காரம், மலைமேல் நின்று பார்க்கும் ஊர் வெளிச்சம் ஆகியவற்றுக்குக் கைபேசி போதும். படத்தைக் கைபேசியில் மட்டுமே பார்த்து மகிழ்வோர் வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குச் சேமிக்கலாம்.

கைபேசி திணறுவது அசையும் மனிதர்களிடத்தில். பல படங்களை அடுக்கும் அந்த நொடிகளுக்குள் குழந்தை தலையைத் திருப்பிவிடும். பாட்டியாரின் கை தஸ்பீஹை உருட்டும். கைபேசி அந்த அசைவை மெழுகுபோல் வழித்துவிடும். தோலின் சுருக்கங்களையும் தானாகவே மழுக்கிவிடும். சுருக்கமில்லாத பாட்டியார் முகம் நம் பாட்டியார் முகமாகுமா? அச்சிட்டுச் சட்டமிட்டு, பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய படத்தை எடுக்க விரும்புவோர்க்குத்தான் தனிக் கேமரா தேவைப்படுகிறது.

வாங்கினால் மட்டும் போதாது

நல்ல கேமராவை வைத்திருந்தும் இருட்டில் தோற்பவர் பலர். சில எளிய முறைகளைக் கைக்கொண்டால் பயன் இருமடங்காகும்.

ஃப்ளாஷை நம்ப வேண்டாம். ஒரு மீட்டரில் நிற்பவர்மீது விழும் ஃப்ளாஷ் ஒளியில் பதினாறில் ஒரு பங்குதான் நான்கு மீட்டரில் நிற்பவரை எட்டும். முன்னால் நிற்பவர் சுண்ணாம்பு பூசியதுபோலவும், பின்னால் நிற்பவர் கரிபோலவும் தெரிவது அதனால்தான். விளக்கின் அருகே, அல்லது சன்னலோரம் முகத்தைத் திருப்பி அமரச் செய்வது ஃப்ளாஷைவிடச் சிறந்தது.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். அசையாதவரை எடுக்க, நடுக்கம் தாங்கும் அமைப்பிருந்தால் நொடியில் எட்டில் ஒரு பங்கு வரை கையாலேயே எடுக்கலாம். பேசிக்கொண்டிருப்பவர்க்கு 125-இல் ஒரு பங்கு, ஓடும் குழந்தைக்கு 250-இல் ஒரு பங்கு வேண்டும். நடுக்கம் தாங்கும் அமைப்பு நம் கையின் நடுக்கத்தை மட்டுமே தாங்கும்; குழந்தையின் ஓட்டத்தைத் தாங்காது.

ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்த அஞ்ச வேண்டாம். ஃபிலிம் காலத்தில், 100 எண்ணுள்ள சுருளைப் போட்டால் 36 படங்களும் அதே எண்தான். ஊட்டியில் இயங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' சுருளையும், 'ஹாட் ஷாட்', 'யாஷிகா' கேமராக்களையும் பயன்படுத்திய மூத்தவர்கள் இதை அறிவார்கள். இன்று ஒவ்வொரு படத்திற்கும் எண்ணை மாற்றலாம். ஒரு அங்குல வகையில் 1600 வரையிலும், ஏ.பி.எஸ்.-சி-யில் 6400 வரையிலும் தயக்கமின்றி உயர்த்தலாம். சிறிது புள்ளி தெரிந்தாலும் முகம் தெளிவாயிருக்கும். கலங்கிய படத்தையோ எதுவும் செய்ய இயலாது. ஆனால் ஒன்று: ஐ.எஸ்.ஓ. எண் ஒளியைக் கூட்டுவதில்லை. கிடைத்த ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே.

மூன்று கால் தாங்கி இல்லையெனில், சுவரிலோ தூணிலோ தோளைச் சாய்த்து, மூச்சை நிதானித்து அழுத்துக. கேமராவை மேசைமீது வைத்து இரண்டு நொடி டைமரைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. காவலூரின் பெரிய தொலைநோக்கிக்கு உரிய விதி நம் சிறு கருவிக்கும் உரியதே.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடையின் பளிச்சென்ற கண்ணாடி மேசைமீது எடுத்த படத்தைக் கண்டு முடிவு செய்யாதீர்கள். அங்கே எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். விளக்கு மங்கலான மூலைக்குச் செல்லுங்கள். உடன் வந்தவரை நிறுத்தி, ஃப்ளாஷ் இன்றி மூன்று படங்கள் எடுங்கள். திரையில் பெரிதாக்கிக் கண்ணிமையைப் பாருங்கள். குவியம் பிடிக்க எவ்வளவு நேரம் தடுமாறுகிறது என்பதையும் கவனியுங்கள்.

பழைய கேமராவாயின் மேலும் சில சோதனைகள் தேவை. லென்ஸ் நீளும்போதும் உள்ளிழுக்கும்போதும் ஓசையோ தடங்கலோ உண்டா? எஃப் எண்ணைப் பெரிதாக வைத்து வெள்ளைச் சுவரை எடுத்தால் கரும்புள்ளிகள் தெரிகின்றனவா? தெரிந்தால் அது சென்சாரின் தூசு. பேட்டரி உப்பியிருக்கிறதா? மாற்று பேட்டரி சந்தையில் கிடைக்கிறதா? வளைகுடாவிலிருந்து வரும் மகனோ மருமகனோ வாங்கி வருவதாயின், உத்தரவாதம் இந்தியாவிலும் செல்லுமா என்பதையும் சுங்க விதிகளையும் முன்னரே கேட்டறிவது நலம். பணத்தைக் கொடுத்த பின் விசாரிப்பதில் பயனில்லை.

கேமராவுக்கும் அதப் உண்டு

இறுதியாக ஒன்று. இருட்டிலும் ஓசையின்றிப் படம் பிடிக்கும் சிறு கருவி கையில் இருப்பது ஒரு பொறுப்பாகும். மலைக்கிராமத்தில் விறகு சுமந்து வரும் பெண்மணியும், சந்தையில் நிற்கும் ஆட்டு வியாபாரியும் நமக்குக் காட்சிப் பொருள்கள் அல்லர். ஸலாம் கூறியோ வணக்கம் கூறியோ அனுமதி பெற்ற பின்னரே எடுக்க வேண்டும். மறுத்தால் புன்னகையுடன் விலகிவிட வேண்டும். எடுத்த படத்தின் ஒரு பிரதியை அவர்க்கு அளிப்பது அழகிய பண்பு. தொழுபவர் முகத்தில் ஃப்ளாஷ் அடிப்பதும், பிறர் வீட்டுப் பெண்கள் பின்புலத்தில் விழும்படி எடுப்பதும், அவற்றை ஊரறியப் பகிர்வதும் தவிர்க்கப்பட வேண்டியவை. வானாய்வகம் போன்ற இடங்களில் ஒளியும் ஃப்ளாஷும் ஆய்வுக்கே கேடு. அங்குள்ள விதியை மதிப்பது நம் கடமை.

ஆகவே வாசகர்களே! கேமரா வாங்கச் செல்லுமுன் ஒரு சிறு தாளில் இரண்டு கேள்விகளை எழுதிக் கொள்ளுங்கள். சென்சாரின் பரப்பு என்ன? லென்ஸின் எஃப் எண், இரு முனைகளிலும் என்ன? இவ்விரண்டுக்கும் விடை பெற்று, நாம் கண்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பணத்துக்கு ஏற்ற கருவி எது என்பது அத்தாளிலேயே தெரிந்துவிடும். பிறகு அக்கருவியை அலமாரியில் பூட்டி வைக்காமல், இன்று மாலையே மூத்தவர்கள் அமர்ந்திருக்கும் அறைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஜவ்வாது மலை நாளையும் அங்கேயே நிற்கும். மூத்தோரின் முகங்களுக்கு அந்த உறுதியை நம்மில் எவராலும் கூற இயலாது.